பாஞ்சாலங்குறிச்சிப் போர் ஏன் மூண்டது?

1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி.

கயத்தாறில் ஒரு புளியமரம். அதன் கிளையில் தூக்குக் கயிறு தொங்கியது. சுற்றிலும் கும்பெனிச் சிப்பாய்கள். ஒரு பக்கம் திருநெல்வேலிச் சீமையின் பாளையக்காரர்கள் நின்றார்கள். அவர்கள் தாமாக வரவில்லை. பார்த்துப் பயப்படட்டும் என்று வெள்ளைக்காரர்கள் அவர்களை வரவழைத்து இருந்தார்கள்.

அன்று தூக்கில் தொங்கியவன் வீரபாண்டிய கட்டபொம்மன். அவனுக்கு வயது 39.

வரி கொடுக்க மறுத்தான், அதனால் தூக்கில் போட்டார்கள் என்றுதான் பெரும்பாலோர் சொல்லுவார்கள். 1959-ல் வந்த சினிமாப் படம் அந்த எண்ணத்தை வீட்டுக்கு வீடு கொண்டு போய்ச் சேர்த்தது. அது பாதி உண்மைதான்.

1798-ம் ஆண்டு கட்டபொம்மன் தன் பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டி விட்டான். மீதி நின்றது 1,080 வராகன். ஒரு வராகன் என்பது ஏறத்தாழ மூன்றரை ரூபாய். ஆக, நாலாயிரம் ரூபாய்கூட இல்லை. இந்தப் பணத்துக்காகவா பட்டாளம் திரண்டது? இந்தப் பணத்துக்காகவா ஒரு கோட்டையை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள்?

இல்லை. சண்டை கோட்டை வாசலில் நடந்தது. அதன் வேர் வெகு தூரத்தில் இருந்தது. சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி வாழ்ந்த ஒரு நவாபின் கடன் பத்திரத்தில் இருந்தது.

முயல் விரட்டிய மண்

தூத்துக்குடிக்கு வடமேற்கே உள்ள ஊர் ஓட்டப்பிடாரம். கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872-ல் பிறந்த ஊர். அதை அடுத்து இருப்பது பாஞ்சாலங்குறிச்சி. கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை.

ஓட்டப்பிடாரத்துக்குப் பழைய பெயர் அழகிய வீரபாண்டியபுரம். அங்கே ஆண்ட ஜெகவீரபாண்டியனிடம் கெட்டிபொம்மு என்ற வீரன் வேலைக்குச் சேர்ந்தான் என்றும், அரசனுக்குப் பிள்ளை இல்லாததால் ஆட்சி அவன் கைக்கு வந்தது என்றும் வழிவழியாகச் சொல்லுவார்கள். கெட்டிபொம்மு என்பதே கட்டபொம்மு ஆயிற்றாம். அவன் வழி வந்தவர்கள் தெலுங்கு பேசும் கம்பளத்தார்.

பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஒரு கதை உண்டு. வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்தின. ஓர் இடம் வந்ததும் முயல் திரும்பி நின்றது. நாய்களை எதிர்த்து விரட்டியது. முயலுக்கே வீரம் கொடுக்கும் மண் இது என்று அங்கே கோட்டை கட்டினார்கள். இந்தக் கதை இன்னும் சில கோட்டைகளுக்கும் உண்டு. ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக்குச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அந்தக் கோட்டையில் 1760-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி வீரபாண்டியன் பிறந்தான். தந்தை ஜெகவீர கட்டபொம்மன். தாய் ஆறுமுகத்தம்மாள். தம்பிகள் இருவர். ஒருவன் குமாரசாமி. அவனுக்குப் பேச்சுச் சரியாக வராது. ஆகவே ஊமைத்துரை என்றார்கள். இன்னொருவன் துரைசிங்கம். வீரபாண்டியனின் மனைவி பெயர் ஜக்கம்மாள். குலதெய்வத்தின் பெயரும் ஜக்கம்மாவே. திருச்செந்தூர் முருகனிடம் அவனுக்கு அளவு கடந்த பக்தி. அங்கே பூசை நடப்பது தெரிய வேண்டும் என்று வழி நெடுக மணி மண்டபங்கள் கட்டினான் என்று ஊரார் சொல்லுவார்கள்.

1790-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி அவன் பட்டத்துக்கு வந்தான். வயது 30.

அவன் தலையில் ஏறியது பாளையம் மட்டும் அல்ல. ஐம்பது ஆண்டு வழக்கு ஒன்றும் சேர்ந்து ஏறியது.

பாளையம் என்றால் என்ன?

மதுரையை விசுவநாத நாயக்கர் ஆண்ட காலம். 16-ம் நூற்றாண்டு. அவருடைய தளவாய் அரியநாத முதலியார். இருவரும் சேர்ந்து நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாளையக்காரர்.

பாளையக்காரருக்கு வேலை மூன்று. தம் ஊர்களில் வரி வாங்க வேண்டும். மதுரைக்குக் கப்பம் கட்ட வேண்டும். போர் வந்தால் ஆட்களோடு வந்து நிற்க வேண்டும். வாங்கிய வரியில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, ஒரு பங்கு தமக்கு.

இதோடு காவலும் உண்டு. அதற்குப் படிகாவல் என்று பெயர். ஊரில் ஒரு மாடு திருட்டுப் போனால் பாளையக்காரரின் ஆட்கள் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் மாட்டின் விலையைக் கொடுக்க வேண்டும். அதற்காக ஊரார் காவல் கூலி தருவார்கள். தானியமாகவும் தருவார்கள், காசாகவும் தருவார்கள். இதில் அடாவடியும் நடந்தது. சில இடங்களில் காவல்காரனே திருடனுக்குத் துணை என்ற புகாரும் இருந்தது. ஆனாலும் ஊர் தெரிந்த ஆள், முகம் தெரிந்த ஆள் என்ற பிடிமானம் இருந்தது. பஞ்சம் வந்தால் பாளையக்காரர் வரியைத் தள்ளிக் கொடுப்பார். அவர் கப்பத்தைத் தள்ளிக் கட்டுவார். இது இருநூறு ஆண்டுப் பழக்கம்.

1736-ல் ராணி மீனாட்சியோடு மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. வீட்டுச் சொந்தக்காரன் வாரிசு இல்லாமல் செத்துப் போனான். குடி இருப்பவன் வாடகையை யாரிடம் கொடுப்பது? ஆற்காட்டு நவாபு, வீடு என்னுடையது என்றார். பாளையக்காரர்களோ, சொந்தக்காரனே போன பிறகு வீடு எங்களுடையதுதான் என்று எண்ணினார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. தீர்த்து வைக்க மூன்றாவது ஆள் இல்லை. வந்த மூன்றாவது ஆளோ வியாபாரி.

நவாபு வாங்கிய கடன்

ஆற்காட்டு நவாபு பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் சந்தா சாகிபு. அவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மற்றவர் முகமது அலி. அவருக்கு ஆங்கிலக் கும்பெனி துணை. ஐரோப்பாவில் அந்த இரண்டு நாடுகளுக்கும் பகை. அந்தப் பகையை இங்கே கொண்டு வந்து தமிழ் மண்ணில் தீர்த்துக் கொண்டார்கள். 1752-ல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். முகமது அலி வென்றார்.

வென்றவர் கதை தோற்றவர் கதையைவிட மோசமாயிற்று. போர்ச் செலவு முழுவதையும் கும்பெனி அவர் கணக்கில் எழுதியது. கையில் பணம் இல்லை. கடன் வாங்கினார். யாரிடம்? கும்பெனியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களிடமே! நூற்றுக்கு 20, 25 என்று வட்டி. கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வருமானத்தை எழுதிக் கொடுத்தார். விதை விதைக்கும் முன்பே விளைச்சல் அடகுக்குப் போயிற்று.

வட்டி கட்டப் பணம் வேண்டும். பணம் தெற்கே இருந்தது. ஆகவே படை தெற்கே வந்தது.

1755-ல் கர்னல் ஹெரான் என்பவனும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் திருநெல்வேலிச் சீமைக்குள் புகுந்தார்கள். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவன் கப்பம் கட்ட மறுத்தான். பல ஆண்டு எதிர்த்து நின்றான். அவனை அடக்கக் கும்பெனி அனுப்பிய கான்சாகிபு மருதநாயகம் பின்னால் அதே கும்பெனியை எதிர்த்தான். 1764-ல் மதுரையில் தூக்கில் மாண்டான்.

இந்தச் சண்டைகளில் ஒரு வருத்தமான செய்தி உண்டு. மேற்குப் பாளையங்கள் பூலித்தேவன் பக்கம் இருந்தன. கிழக்குப் பாளையங்கள் ஒட்டாமல் விலகி நின்றன. கிழக்குப் பாளையங்களுக்குத் தலைமை பாஞ்சாலங்குறிச்சி. அன்று ஒன்றாக நின்று இருந்தால் கதை மாறி இருக்கலாம். வீரபாண்டியன் அப்போது தொட்டிலில்கூட இல்லை.

கடற்கரையில் இன்னொரு சொந்தக்காரன்

பாஞ்சாலங்குறிச்சியில் இருந்து கிழக்கே போனால் தூத்துக்குடிக் கடல். முத்தும் சங்கும் எடுக்கும் கடல். 1658-ல் போர்த்துக்கீசியரிடம் இருந்து டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். உள்நாட்டில் நெய்த துணியைக் கப்பலில் ஏற்றினார்கள். முத்துக் குளிப்பில் யாருக்கு எவ்வளவு என்று நவாபுக்கும் அவர்களுக்கும் நெடுநாள் தகராறு.

பாளையக்காரருக்கு இது வசதி. நவாபு நெருக்கினால் டச்சுக்காரர் பக்கம் சாயலாம். துப்பாக்கி, வெடிமருந்து வாங்கலாம். ஒரு வல்லரசு மிரட்டும்போது இன்னொரு வல்லரசைக் கையில் வைத்துக் கொள்வது, சிறிய நாடுகள் எந்தக் காலத்திலும் செய்கிற காரியம்.

அந்தச் சமயம் அமெரிக்காவில் ஒரு போர் நடந்தது. அமெரிக்கர் விடுதலை கேட்டு இங்கிலாந்தோடு போரிட்டார்கள். டச்சு வியாபாரிகள் அவர்களுக்குச் சரக்கு விற்றார்கள். அதில் கோபம் வந்து, 1780 கடைசியில் இங்கிலாந்து டச்சுக்காரர் மீது போர் தொடுத்தது. அமெரிக்காவில் பற்றிய நெருப்பின் பொறி ஓட்டப்பிடாரம் வரை பறந்து வந்தது. 1782-ல் ஆங்கிலேயர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள்.

1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். கோட்டைக்குள் 40 ஆயிரம் வராகன் கிடைத்தது. அதோடு ஒரு காகிதமும் கிடைத்தது. கொழும்பில் இருந்த டச்சு அரசாங்கமும் கட்டபொம்மனின் தந்தையும் செய்து கொண்ட உடன்படிக்கை அது!

அன்று முதல் கும்பெனியின் கண்ணில் பாஞ்சாலங்குறிச்சி வெறும் வரி பாக்கிக்காரன் அல்ல. பகைவனோடு கை கோத்தவன். கோட்டை விழுந்தபோது வீரபாண்டியனுக்கு 23 வயது. அவனும் அதை மறந்து இருக்க முடியாது.

கை மாறிய உரிமை

மைசூர் ஹைதர் அலியோடு போர் வந்தது. செலவுக்கு வழி இல்லை. 1781-ல் நவாபு தன் நாட்டு வரி வருமானத்தைக் கும்பெனியிடம் ஒப்படைத்தார். 1785-ல் திரும்பப் பெற்றார். திப்பு சுல்தானோடு போர் வந்ததும், 1790-ல் கும்பெனி மறுபடி எடுத்துக் கொண்டது. பாளையக்காரர் நிலைமையை எண்ணிப் பாருங்கள். போன வருஷம் ஒருவன் வந்து கேட்டான். இந்த வருஷம் வேறொருவன் வந்து கேட்கிறான். கட்டிய ரசீதை யாரிடம் காட்டுவது?

1792-ம் ஆண்டு ஜூலையில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். கும்பெனிப் பட்டாளத்துக்கு நவாபு ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் கொடுக்க வேண்டும். கடன்காரர்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் வேலையைக் கும்பெனியே செய்யும். வசூலான பணத்தை நவாபின் கணக்கில் கழித்துக் கொள்ளும். நாட்டின் அதிபதி என்ற பெயர் மட்டும் நவாபுக்கு.

பாளையக்காரர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கையெழுத்து அந்தப் பத்திரத்தில் இல்லை.

கும்பெனி ஒரு கலெக்டரைப் போட்டது. கலெக்டர் கணக்குப் பார்த்தார். தவணை நாள் குறித்தார். பஞ்சம், மழை, பழக்கம் எதுவும் அவருடைய ஏட்டில் இல்லை. படிகாவல் கூலி வாங்குவது பாளையக்காரரின் உரிமை அல்ல, அதை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியது. படிகாவல் போனால் பாளையக்காரரிடம் ஆள் இருக்காது. ஆள் போனால் கோட்டை எதற்கு? எஞ்சுவது வரி வாங்கித் தரும் குமாஸ்தா வேலைதான்.

கப்பம் எவ்வளவு என்பதில் பேரம் பேசலாம். யார் ஆள்வது என்பதில் எப்படிப் பேரம் பேசுவது?

அடுத்த வீட்டுச் சண்டையும் சேர்ந்தது. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் பக்கத்துப் பாளையங்கள். எல்லையில் உள்ள அருங்குளம், சுப்பலாபுரம் ஊர்கள் யாருக்கு என்று தகராறு. கும்பெனி எட்டயபுரத்துக்குச் சாதகமாக நடந்து கொண்டது. எட்டயபுரம் கும்பெனிக்கு உறுதியான துணை ஆயிற்று.

400 மைல் அலைச்சல்

1798 மே மாதக் கடைசியில் கட்டபொம்மன் கட்ட வேண்டிய பாக்கி 3,310 வராகன். ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் துரை. ஆத்திரக்காரன். அப்போதே படை அனுப்பலாமா என்று மேலிடத்தைக் கேட்டான். மைசூர்ப் போர் நெருங்கிக் கொண்டு இருந்தது. பட்டாளம் அங்கே தேவை. ஆகவே மேலிடம் பொறுக்கச் சொன்னது.

ஆகஸ்டு 18-ந் தேதி ஜாக்சன் கடிதம் எழுதினான். இரண்டு வாரத்துக்குள் ராமநாதபுரத்தில் வந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு. எழுதியவன் ராமநாதபுரத்தில் உட்காரவில்லை. சுற்றுப் பயணம் கிளம்பி விட்டான்.

கட்டபொம்மன் பரிவாரத்தோடு புறப்பட்டான். குற்றாலத்தில் பார்க்கப் போனான். ஜாக்சன் பார்க்க மறுத்தான். சொக்கம்பட்டிக்குப் போனான். அங்கேயும் மறுப்பு. சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர், கமுதி என்று துரை போகும் வழி எல்லாம் பாளையக்காரன் பின்னாலேயே போனான். 23 நாள். 400 மைல். ஒரு சீமையின் தலைவனை வழி நெடுக ஊர் பார்க்க அலைய வைத்தார்கள். அந்த அவமானம் ஒரு வேளை வேண்டும் என்றே செய்தது.

செப்டம்பர் 10-ந் தேதி வாக்கில் ராமநாதபுரம் கோட்டையில் சந்திப்பு நடந்தது. கட்டபொம்மன் பணத்தோடு வந்து இருந்தான். பாக்கியில் மிஞ்சியது 1,080 வராகன் மட்டுமே. அவனையும் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டான் ஜாக்சன். பிறகு, கோட்டையை விட்டுப் போகக் கூடாது என்றான்.

கட்டபொம்மனுக்குப் புரிந்தது. வெளியே காத்து இருந்த ஊமைத்துரையின் ஆட்கள் பாய்ந்தார்கள். கோட்டை வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டான். கட்டபொம்மன் தப்பினான். தானாபதி பிள்ளை அகப்பட்டார்.

ஊர் திரும்பிய கட்டபொம்மன் வாளை எடுக்கவில்லை. மனு எழுதினான். நடந்ததை எல்லாம் சென்னைக் கவர்னருக்குத் தெரிவித்தான். கும்பெனி மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தது. டிசம்பரில் கட்டபொம்மன் நேரில் போய்ச் சாட்சி சொன்னான். குற்றம் ஜாக்சன் மேல்தான் என்று தீர்ப்பு ஆயிற்று. ஜாக்சனை வேலையில் இருந்து நீக்கினார்கள். தானாபதி பிள்ளையை விடுதலை செய்தார்கள். லூஷிங்டன் புதுக் கலெக்டராக வந்தான்.

ஒரு கலெக்டரின் திமிர்தான் காரணம் என்றால் போர் இங்கேயே நின்று இருக்க வேண்டும். நிற்கவில்லை.

திப்பு விழுந்தான்

அதே 1798-ல் வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தான். இந்தியாவில் இரண்டாவது வல்லரசு இருக்கக் கூடாது என்பது அவன் முடிவு. நெப்போலியன் அந்த ஆண்டு எகிப்தில் இறங்கினான். பிரெஞ்சுக்காரர் திப்புவோடு சேர்ந்து விடுவார்கள் என்று கும்பெனி நடுங்கியது.

தெற்கேயும் புகைந்தது. சிவகங்கை மருது சகோதரர்கள், திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சி கோபால நாயக்கர் முதலியோர் கும்பெனியை எதிர்க்க ஒன்று சேர்ந்தார்கள். மருது சகோதரர்களோடு கட்டபொம்மன் தொடர்பு வைத்தான். சிவகிரியில் தந்தைக்கும் மகனுக்கும் பூசல். தந்தை கும்பெனி பக்கம். கட்டபொம்மன் மகனுக்கு ஆள் அனுப்பினான். முன்பு பூலித்தேவன் காலத்தில் கிழக்கும் மேற்கும் விலகி நின்றன. இப்போது கிழக்கு மேற்கைத் தேடிப் போயிற்று. கும்பெனிக்கு உண்மையான பயம் இதுதான்.

1799-ம் ஆண்டு மே 4-ந் தேதி சீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போரில் மாண்டான்.

இனி மைசூர்க் கவலை இல்லை. முன்பு ஜாக்சனுக்குக் கொடுக்காத பட்டாளம் இப்போது தயார். திருச்சி, தஞ்சை, மதுரையில் இருந்து படைகள் திருநெல்வேலிக்கு நகர்ந்தன. திருவிதாங்கூர்ப் படையும் சேர்ந்தது. தலைமை மேஜர் பானர்மேன்.

மண் கோட்டை

செப்டம்பர் 1-ந் தேதி பானர்மேன் ஆணை அனுப்பினான். 4-ந் தேதி பாளையங்கோட்டையில் வந்து நிற்க வேண்டும் என்றான். ராமநாதபுரத்தில் ஒருமுறை பட்ட கட்டபொம்மன் பிடி கொடுக்காமல் பதில் அனுப்பினான்.

5-ந் தேதி காலை பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றிப் பட்டாளம் நின்றது. பானர்மேன் முதலில் ராமலிங்க முதலியார் என்பவரைத் தூது அனுப்பினான். பணிய முடியாது என்று கட்டபொம்மன் சொல்லி அனுப்பினான். தூது போனவர் கோட்டையின் உள் நிலவரத்தைப் பார்த்து வந்து சொன்னார்.

அந்தக் கோட்டை கருங்கல் கோட்டை அல்ல. மண் சுவர்தான். பெரிய பீரங்கி வரும்வரை காத்து இருக்க வேண்டாம் என்று பானர்மேன் நினைத்தான். தெற்கு வாசலில் மோதினான். உள்ளே இருந்தவர்கள் வேலும் ஈட்டியும் துப்பாக்கியும் கொண்டு அடித்துத் துரத்தினார்கள். வெள்ளை அதிகாரிகள் சிலர் செத்தார்கள். அவர்களை ஓட்டப்பிடாரத்தில் புதைத்தார்கள்.

பாளையங்கோட்டையில் இருந்து பெரிய பீரங்கிகள் வந்தன. மண் சுவர் இனித் தாங்காது. கட்டபொம்மன் தன் ஆட்களோடு இரவில் வெளியேறினான். கோலார்பட்டியில் எட்டயபுரத்துப் படை மறித்தது. கடும் சண்டை. தானாபதி பிள்ளை பிடிபட்டார். அவரை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டுத் தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் குத்தி வைத்தார்கள். கட்டபொம்மன் மட்டும் வடக்கே போய்ப் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் மறைந்தான். புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பெனியின் நண்பர். அவர் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள்.

கயத்தாறு

கயத்தாறில் விசாரணை என்று ஒன்று நடந்தது. கப்பத்தை ஒழுங்காகக் கட்டவில்லை, அழைத்தபோது வரவில்லை, சிவகிரிக்குப் படை அனுப்பினான் என்பவை குற்றச்சாட்டுகள். ஜாக்சன் விவகாரத்தில் இருந்த நீதி விசாரணை இங்கே இல்லை. பிடித்தவனே நீதிபதி. தீர்ப்பு முன்னமே முடிவானது.

கட்டபொம்மன் குற்றங்களை மறுக்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்கள் இருந்த பக்கம் இகழ்ச்சியாகப் பார்த்தான். நிமிர்ந்து நடந்தான். கோட்டையை விட்டு வந்தது தவறு, அங்கேயே போரிட்டுச் செத்து இருக்கலாம் என்று வழியில் வருந்தினான். இதை எல்லாம் எழுதி வைத்தவன், அவனைத் தூக்கிலிட்ட பானர்மேனே!

கோட்டைகளை எல்லாம் இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று சீமை முழுவதற்கும் உத்தரவு போயிற்று. பாஞ்சாலங்குறிச்சியையும் அதோடு சேர்ந்து நின்ற பாளையங்களையும் கும்பெனி பறித்தது. துணை நின்றவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது. எட்டயபுரத்துக்குப் பெரும் பங்கு.

ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் போட்டார்கள். 1801 பிப்ரவரி 2-ந் தேதி, விறகு விற்பவர்கள் போல் வந்த ஆட்கள் அவனை மீட்டார்கள். இடித்த கோட்டையை ஆறே நாளில் மறுபடி எழுப்பினான். தூத்துக்குடியையும் பிடித்தான். அங்கே சிக்கிய ஆங்கில அதிகாரியை உயிரோடு அனுப்பி விட்டார்கள். அந்த மண் கோட்டை இரண்டாம் முறை மே 24 வரை தாங்கியது. அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். இன்று அங்கே உள்ள நினைவுக் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டியது.

நவாபு என்ன ஆனார்? முகமது அலி 1795-லேயே இறந்து விட்டார். அவர் மகனும் 1801 ஜூலையில் இறந்தார். அந்த மாதமே, 31-ந் தேதி, கும்பெனி புது உடன்படிக்கை எழுதிக் கர்நாடகம் முழுவதையும் எடுத்துக் கொண்டது. புது நவாபுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய பாளையக்காரர்கள் 1803-ல் ஜமீன்தார்கள் ஆனார்கள்.

கடன்காரர்கள் மட்டும் விடவில்லை. நவாபு குடும்பம் எங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று பத்திரங்களோடு வந்து நின்றார்கள். விசாரிக்க 1805-ல் ஒரு கமிஷன் அமைத்தார்கள். பத்திரம் பத்திரமாகப் பிரித்துப் பார்க்க 25 ஆண்டு ஆயிற்று. கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் என்று தேறவில்லை.